வலிக்காத நோய்: உயர் இரத்த அழுத்தத்தை விளங்கிக்கொள்வோம்

கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் தொடர்மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் ஒருவரை நாம் நன்கு அறிவோம். வயது 52. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமியாக முப்பது வருடங்கள் உழைத்தவர். ஒருமுறை காலில் ஏற்பட்ட காயத்துக்கு மருந்து கட்டச் சென்ற இடத்தில் அவருக்குப் ‘பிரஷர்’ பார்த்தார்கள். 170/104 என்று இருந்தது. கிளினிக் கொப்பி ஒன்றும் ஒரு மாதத்துக்கான குளிசைகளும் கொடுத்தார்கள். நான்கு மாதங்கள் ஒழுங்காகப் போனார். ஐந்தாம் மாதம் 128/82 என்று வந்ததும், சுகமாகிவிட்டது என்று எண்ணிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். கிளினிக்குப் போகும் நாளில் கூலி இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த வருடம் ஒரு காலை வேளையில் தேநீர்க் கோப்பை அவருடைய கையிலிருந்து நழுவி விழுந்தது. உடலின் வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சும் போயிற்று.

வைத்தியசாலையில் அவரைப் பார்க்கச் சென்றபோது அவருடைய மனைவி எம்மிடம் கேட்டார்: “ஃபாதர், இவருக்கு ஒருநாளும் தலையிடிகூட வந்ததில்லையே. நல்லாத்தானே இருந்தார்?”

அன்று நாம் ஆறுதல் சொன்னோமேயன்றி அக்கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு எமக்கே தெளிவிருக்கவில்லை என்பதுதான் உண்மை. பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகின்றோம். பதிலைச் சுருக்கமாகச் சொல்வதானால் இதுதான்: உயர் இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. ‘நல்லாத்தான் இருக்கிறேன்’ என்ற உணர்வு இந்த நோயைப் பொறுத்தவரை எதற்கும் சாட்சியல்ல. அளந்து பார்ப்பது ஒன்றே சாட்சி.

இரத்த அழுத்தம் என்றால் என்ன?

எமது இருதயம் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒப்பானது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 தடவைகள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவைகள் துடிக்கிறது. நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவான இரத்தத்தை அது நாடிகளுக்குள் தள்ளுகிறது. அவ்வாறு தள்ளப்படும் இரத்தம் நாடிகளின் சுவர்களில் கொடுக்கும் உந்துதலே இரத்த அழுத்தம். பாடசாலைப் புத்தகங்களில் இதனைக் குருதியமுக்கம் என்பார்கள். அழுத்தம் இருப்பது நோயல்ல. அது இல்லாவிட்டால் இரத்தம் மூளை வரை ஏறமுடியாது. அளவுக்கு மிஞ்சி நிலைத்து நிற்பதுதான் நோய்.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் இறப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயின் வாயை விரலால் அழுத்தி ஒடுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். வாயை அப்படியே விட்டு, இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினாலும் அழுத்தம் கூடும். உடலிலும் இவ்விரண்டுமே நடக்கின்றன. சிறிய நாடிகள் இறுகி ஒடுங்குவது ஒன்று. உப்பு உடலில் தங்கி, அதனோடு நீரும் தங்கி, குழாய்களுக்குள் ஓடும் திரவத்தின் அளவு கூடுவது மற்றையது. பெரும்பாலானோருக்கு இன்ன காரணம் என்று ஒன்றைத் தனித்துக் காட்டமுடியாது. பரம்பரை, வயது, உணவு, உடற்பருமன், மதுபானம் எல்லாம் சேர்ந்தே அழுத்தத்தைக் கூட்டுகின்றன. சிறு தொகையினருக்கு மட்டும் சிறுநீரக நோய், சுரப்பிக் கோளாறு போன்ற தனிக்காரணம் உண்டு. இளவயதிலேயே அழுத்தம் மிகக் கூடியவர்களை வைத்தியர்கள் மேலும் பரிசோதிப்பது அதனாலேயே.

இரண்டு எண்கள் எதைக் குறிக்கின்றன?

அழுத்தத்தை மில்லிமீற்றர் இரசம் என்ற அளவில் குறிப்பார்கள். 120/80 என்றால், இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் வேளையில் உள்ள அழுத்தம் 120. அடுத்த துடிப்புக்கு முன் இருதயம் தளர்ந்திருக்கும் வேளையில் உள்ள அழுத்தம் 80. முதலாவதை மேல் எண் என்றும் இரண்டாவதைக் கீழ் எண் என்றும் இங்கு அழைப்போம்.

வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம் என்பது உலக சுகாதார நிறுவனம் பின்பற்றும் வரையறை. இரண்டில் ஒன்று கூடியிருந்தாலே போதும். அமெரிக்க இருதய வைத்தியர்கள் 2017இல் இந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தார்கள். ஆயினும் 139 வரை பாதுகாப்பு, 140இல் ஆபத்து என்று சுவர் எழுப்பிப் பிரித்துவிட முடியாது. பத்து இலட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்து 2002இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, 40 முதல் 69 வயது வரையானவர்களில், 115/75க்கு மேல் மேல் எண் 20 கூடும்போதும், அல்லது கீழ் எண் 10 கூடும்போதும், பாரிசவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. படிப்படியாக ஏறும் ஆபத்து இது.

கோபக்காரருக்குத்தான் பிரஷரா?

“எனக்குப் பிரஷர் ஏத்தாதே” என்று நாம் வீடுகளில் சொல்லிக்கொள்வதுண்டு. கோபம் வரும்போதும் மாடிப்படி ஏறும்போதும் அழுத்தம் கூடுவது உண்மையே. ஆனால் அது சிறிது நேரத்தில் தணிந்துவிடும். நாம் இங்கு பேசுவது, அமைதியாக உறங்கும் வேளையிலும் பொதுவாகத் தணியாத அழுத்தத்தைப் பற்றி. சாந்தமான மனிதருக்கும் அது வரும். ஆகவே, “நான் ஒருவரோடும் கோபிப்பதில்லை, எனக்கு வராது” என்று இருந்துவிட முடியாது.

அறிகுறிகளைப் பொறுத்தவரையிலும் இதே தவறு நடக்கிறது. தலையிடி, தலைச்சுற்று, பிடரி இழுப்பு வந்தால்தான் பிரஷர் என்று பலர் நம்புகின்றனர். பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. நாடிச் சுவரில் கூடும் அழுத்தத்தை வலியாக உணரும் வசதி எமக்கு இல்லை. அழுத்தம் பல வருடங்களாக மெல்ல மெல்லக் கூடுவதால் உடலும் அதற்குப் பழகிவிடுகிறது.

வைத்தியர்களே இதனைக் கவனியாமல் விட்ட காலமும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச் மாதம் இருதய வைத்தியர் ஒருவர் பரிசோதித்தபோது அவருடைய அழுத்தம் 186/108. இருதயம் பெருத்துப்போயிருந்தது. அப்படியிருந்தும் ஜனாதிபதி நலமாக இருக்கிறார் என்றே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே நான்காம் தடவையாகவும் தேர்தலில் நின்று வென்றார். 1945 ஏப்ரல் 12ஆம் திகதி, தலையின் பின்புறம் தாங்கமுடியாமல் வலிக்கிறது என்று சொல்லி மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தம் கசிந்து அன்றே இறந்தார். வயது 63. அன்றைய உலகில் மிகச் சிறந்த மருத்துவ வசதியைப் பெற்ற மனிதர் அவர். ஆனால் அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல குளிசை அப்போது இருக்கவில்லை. கூடிய அழுத்தம் தீங்கானது என்பதையே பல வைத்தியர்கள் ஏற்றிருக்கவும் இல்லை. 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஆரம்பித்த நீண்டகால ஆய்வுதான் அக்கருத்தை மாற்றியது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத குளிசை இன்று எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இதனை மறந்துவிடக்கூடாது.

உடலுக்குள் நடப்பது என்ன?

கூடிய அழுத்தம் ஓயாது மோதுவதால் நாடிகளின் உட்சுவர் பழுதடைகிறது. தடித்து, மிருதுத்தன்மையை இழக்கிறது. கொழுப்புப் படியவும் இடமாகிறது. இதன் பலன் நான்கு இடங்களில் தெரியவரும்.

முதலாவது, மூளை. நாடி அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் நின்றால் அதுவே பாரிசவாதம். பாரிசவாதத்துக்கு வழிவகுக்கும் காரணிகளில் உயர் இரத்த அழுத்தமே முதன்மையானது. சிறு நாடிகள் ஆங்காங்கே அடைபட்டு, காலப்போக்கில் நினைவாற்றல் குன்றுவதும் உண்டு.

இரண்டாவது, இருதயம். கூடிய அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இருதயத்தின் இடப்பக்கத் தசை தடிக்கிறது. மூட்டை தூக்குபவரின் தோள் திரள்வதுபோல இதுவும் பலம் என்று எண்ணிவிடக்கூடாது. தடித்த தசை விறைத்துப்போய், ஈற்றில் களைத்துவிடும். நடந்தால் மூச்சு வாங்குதல், கால் வீக்கம் ஆகியன அப்போது தோன்றும். மாரடைப்பின் ஆபத்தும் கூடுகிறது.

மூன்றாவது, சிறுநீரகம். இரத்தத்தை வடிக்கும் நுண்ணிய வடிகள் பழுதடைகின்றன. பழுதடைந்த சிறுநீரகம் உப்பை வெளியேற்ற முடியாமல் அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது. நீரிழிவும் சேர்ந்துவிட்டால் சேதம் விரைவாகும்.

நான்காவது, கண். விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் சேதமுற்றுப் பார்வை குன்றலாம்.

கர்ப்பிணித் தாய்மாரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கர்ப்ப காலத்தின் பிற்பாதியில் அழுத்தம் கூடி வலிப்பு வரை போனால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் தாயின் அழுத்தத்தை அளப்பது இதற்காகவே. குடும்பநல மாது குறித்துக் கொடுக்கும் கிளினிக் நாளைத் தவறவிடவேண்டாம்.

பட்டணத்து நோயா? பணக்கார நோயா?

கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் இடங்களில் இரண்டு, வடக்கே கொட்டாஞ்சேனையும் தெற்கே வெள்ளவத்தையும். இரண்டிலும் இந்த நோயைக் காண்கிறோம். ஆனால் அது நுழையும் வாசல் வேறு.

கொட்டாஞ்சேனையில் விடியுமுன் புறக்கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் போகின்றவர்கள், கடைச் சிப்பந்திகள், முச்சக்கரவண்டி ஓட்டுநர்கள் பலர். காலையில் கடைப் பாணும் கட்டைச் சம்பலும், பகலில் பொதிச் சோறும் ஒரு துண்டு கருவாடும், இரவில் கொத்து ரொட்டி என்று நாள் போகிறது. உடல் உழைப்பு உண்டு. ஆனால் தூக்கம் குறைவு, கடன் கவலை உண்டு, மாலையில் சாராயமும் சிகரட்டும் சேர்ந்துகொள்கின்றன.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையே எழுந்துள்ள மாடி வீடுகளில் வயோதிபப் பெற்றோர் பலர் தனித்து வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் முற்றம் கூட்டி, கிணற்றில் அள்ளி, கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து பழகியவர்கள் இவர்கள். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். இங்கே மின்தூக்கி, தொலைக்காட்சி, ஊரிலிருந்து வரும் ஊறுகாயும் மோர் மிளகாயும். நடை நின்றுவிட்டது. நடை நின்றாலும் உப்பின் அளவு குறையவில்லை.

இதை வாசிக்கும் கிராமத்து வாசகர் ‘எமக்கு இல்லை’ என்று எண்ணவேண்டாம். 2021இல் எமது நாட்டில் நடைபெற்ற தேசிய ஆய்வில் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. உலகில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் 2019இல் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு இது இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்வது எம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளிலே. ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்புப் போதும். அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சமையல், சம்பல், பலகாரம், கடைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தே இந்த அளவு. உலக சராசரி இதைப்போல் இரு மடங்குக்கு மேல்.

“நான் சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை” என்று பலர் சொல்வார்கள். ஆனால் உப்பு கருவாட்டிலும் மாசியிலும் இருக்கிறது. தேசிக்காய் ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருக்கிறது. சூப் கட்டியிலும் நூடில்ஸ் பைக்கற்றுடன் வரும் தூளிலும், மிக்சரிலும், சோயா சோஸிலும் இருக்கிறது. உப்புச் சுவையே தெரியாத பாணிலும் மாஜரினிலும்கூட இருக்கிறது.

கருவாட்டை முற்றாக விடும்படி நாம் சொல்லவில்லை. மீன் வாங்க முடியாத வீட்டில் அதுவே புரதம் தரும் உணவு. அதனைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் கழுவிச் சமைத்தால் உப்பில் ஒரு பகுதி போய்விடும். கருவாடு சேர்த்த கறிக்கு வேறு உப்பு வேண்டாம். கறியில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தேசிப்புளியும் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிக்கொண்டால், சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும். மேசையில் உப்புக் கிண்ணம் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

சீனாவின் 600 கிராமங்களில், 20,000 பேருக்கு மேற்பட்டவர்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. சாதாரண உப்பில் கால் பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது. மருந்தால் அல்ல, சமையலறையில் செய்த ஒரு மாற்றத்தால் வந்த பலன் இது. ஆனால் சிறுநீரக நோயாளர்களும் சில வகை அழுத்தக் குளிசைகளை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் அத்தகைய உப்பைப் பாவிக்கக்கூடாது.

இவற்றோடு கீரையும் மரக்கறியும் பழமும் பருப்பும் கூட்டிக்கொள்ளுதல். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது விரைவாக நடத்தல். எடையைக் குறைத்தல் (ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ 1 குறையும்). மதுவைக் கைவிடுதல் என்பன பலன் தரும். புகைத்தலை நிறுத்துவது மிக அவசியம். அழுத்தத்தால் பழுதான நாடியைப் புகை மேலும் பழுதாக்குகிறது.

குளிசையை ஏன் நிறுத்தக்கூடாது?

கட்டுரையின் தொடக்கத்தில் கூறியவர் செய்த தவறு இங்குதான். 128/82 என்ற எண்ணை அவர் நோய் போய்விட்டதற்கான சான்றாக எடுத்துக்கொண்டார். உண்மையில் அது குளிசை வேலை செய்கிறது என்பதற்கான சான்று. காய்ச்சலுக்கு எடுக்கும் மருந்து வேறு, இது வேறு. கடலோரத்தில் கட்டிய தடுப்புச் சுவரை, ‘இப்போது தண்ணீர் வருவதில்லையே’ என்று எவரும் இடிப்பதில்லை. உணவாலும் நடையாலும் அழுத்தம் நன்றாக இறங்கினால் வைத்தியரே அளவைக் குறைப்பார். அந்த முடிவை நாமாக எடுக்கக்கூடாது.

மேல் எண்ணை 10 குறைத்தாலே பாரிசவாதத்தின் ஆபத்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பது பல ஆய்வுகளின் கூட்டு முடிவு. சில குளிசைகளால் வறட்டு இருமல் வரலாம். சிலவற்றால் கணுக்கால் வீங்கலாம். அவ்வாறானால் நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்றுவதற்கு வேறு வகைகள் உண்டு. பிள்ளை பெறும் நோக்கமுள்ள பெண்கள் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும்; சில வகைக் குளிசைகள் கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கானவை. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கி நெடுநாள் விழுங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் போன்றவை அழுத்தத்தைக் கூட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் எம்மிடம் கேட்கிறார்கள். உள்ளியும் முருங்கையிலையும் நல்ல உணவு. ஆனால் அவை குளிசைக்குப் பதிலாகா. மூலிகைகளில் மருந்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. எமது நாட்டிலும் இந்தியாவிலும் வளரும் சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே அதனைப் பாவித்தது. ஆனால் மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளாலும் சிறந்த மருந்துகள் வந்ததாலும் அது இன்று பின்னே போய்விட்டது. மூலிகை என்பதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதே இதன் பாடம்.

எமது நாட்டில் நடந்த ஆய்வொன்று உலகின் கவனத்தைப் பெற்றது. 2016க்கும் 2017க்கும் இடையில் இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளர்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகள் குறைந்த அளவில் அடங்கிய ஒரே குளிசையும் மற்றையோருக்கு வழமையான சிகிச்சையும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதங்களில் ஒரே குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோரும் மற்றையோரில் 55 வீதமானோரும் தமக்குரிய இலக்கை அடைந்தனர். 2018இல் இம்முடிவு வெளியாயிற்று. எடுப்பது இலகுவாக இருந்தால் மக்கள் ஒழுங்காக எடுப்பார்கள் என்பது இதில் தெரிகிறது.

ஆகவே குற்றம் முழுவதையும் நோயாளியின் தலையில் போடுவது நீதியல்ல. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் அவற்றின் பொதுப்பெயரில் மலிவாக வாங்கும் வழி எமது நாட்டில் திறந்தது. அதன் ஒசுசல கடைகளை நாம் இன்றும் காண்கிறோம். ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு குளிசையை இரண்டாக உடைத்து இரண்டு நாட்களுக்கு விழுங்கியவர்களை நாம் கண்டோம். கிளினிக் வரிசையில் ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு, இலவச மருந்தும் முற்றிலும் இலவசமல்ல.

அளப்பது எப்படி? எங்கே?

35 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் அழுத்தம், சீனி, எடை ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். சுகாதார அமைச்சு 2011 முதல் இவற்றை அரச வைத்தியசாலைகளில் நடத்திவருகிறது. அளக்கும்போது கவனிக்கவேண்டியவை:

1. அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேநீர், கோப்பி, புகைத்தல் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு அமருங்கள்.

2. ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பின்னரே அளக்கவேண்டும். முதுகு சாய்ந்தும் பாதங்கள் நிலத்தில் பதிந்தும் இருக்கட்டும். கால் மேல் கால் போடக்கூடாது.

3. கை, இருதய மட்டத்தில் மேசை மேல் இருக்கவேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டியைச் சுற்றக்கூடாது.

4. அளக்கும்போது பேச்சு வேண்டாம். ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவைகள் அளந்து, திகதியுடன் குறித்து வையுங்கள்.

5. ஒரு தடவை கூடியிருந்தால் அஞ்சவேண்டாம். வேறொரு நாளில் மறுபடி அளக்கவேண்டும். ஆனால் 180/110 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையில் நாம் இளைஞர் சிலரோடு சேர்ந்து, தாதியர் இருவரின் உதவியுடன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்தோம். முன்னர் கூறியவரின் மனைவியும் வந்தார். கணவருக்காகத்தான் ஆலோசனை கேட்க வந்தார். நாம் வற்புறுத்தியதால் கையை நீட்டினார். 156/96. அவருக்கும் தலையிடி இருக்கவில்லை. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்ற எமக்கும் அளந்தார்கள்: 148/94. நாற்பது வயது கடந்தும் அதுவரை ஒருதடவையேனும் அளந்து பார்க்காதவர்களில் நாமும் ஒருவராக இருந்தோம். மறுவாரம் அளந்தபோதும் எண் இறங்கியிருக்கவில்லை. இன்று எம்மிடமும் ஒரு கிளினிக் கொப்பி உண்டு.

உடனே செயற்படவேண்டிய வேளை

முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல்: இவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வையிழப்பு ஆகியனவும் அவசர நிலைகளே. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாடி அடைபட்டதால் வரும் பாரிசவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். எனவே எண்ணெய் தேய்த்து, நூல் கட்டி, காலையில் பார்ப்போம் என்று காத்திருக்கக்கூடாது. அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் நீரோ உணவோ குளிசையோ கொடுக்கவேண்டாம். விழுங்க முடியாமல் மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம்.

எமது சங்கங்கள் என்ன செய்யலாம்?

பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2020இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து, ஆலோசனை கூறி, கூடியவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளின் பின், அவ்வாறு செய்யாத இடங்களைவிட அங்கு மேல் எண் சராசரியாக 5 அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது. பெரிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை. கதவைத் தட்டும் ஒருவர் தேவைப்பட்டார்.

கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு நல்ல அளவைக் கருவியை வாங்கி, இருவருக்குப் பயிற்சி அளித்து, மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம். கிளினிக் நாளில் கூலி இழப்பவரின் வேலையை அன்று மற்றொருவர் பொறுப்பேற்கலாம். சங்கக் கூட்டத்தில் உப்பு மிக்சருக்குப் பதிலாகக் கடலையும் வாழைப்பழமும் கொடுக்கலாம்.

கொட்டாஞ்சேனையின் அந்தத் தொடர்மாடியில் இப்போது கிளினிக் நாளுக்கு முந்திய மாலை வீடு வீடாகப் போய் நினைவூட்டுபவர் அந்த மனைவிதான். “நல்லாத்தானே இருக்கிறேன்” என்று சொல்பவர்களிடம் அவர் அதிகம் விவாதிப்பதில்லை. “என்ர வீட்டுக்காரரும் அப்பிடித்தான் சொன்னவர்” என்று மட்டும் சொல்வார்.

கலந்துரையாடலுக்கு

1. எமது சங்க உறுப்பினர்களில் கடந்த ஒரு வருடத்தில் இரத்த அழுத்தத்தை அளந்தவர்கள் எத்தனை பேர்?

2. எமது ஊரில் குளிசையை இடையில் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? அக்காரணங்களில் நாம் கூடி நீக்கக்கூடியவை எவை?

3. ஒரு வாரத்தில் எமது வீட்டுக்கு உப்பு எந்தெந்த வழிகளில் வருகிறது? ஒரு பட்டியல் எழுதி, அதில் ஒன்றை இந்த மாதம் குறைப்போமா?